சின்னச் சக்கரம் வேறு, மடக்குவது வேறு

மடக்கு சைக்கிளை முதன்முதலாக ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே புகாரைத்தான் சொல்வார்கள்: ஆடுது, மெதுவாப் போகுது, குழியில் இறங்கினா முதுகு போகுது. அத்தனை பழியும் சின்னச் சக்கரத்தின் மேல் விழும். எனக்கு அதில் சந்தேகம் இருந்தது. என்னிடம் இருப்பது 20 அங்குலச் சக்கரமும் நடுவில் கீலும் பின்னால் ஏழு கியரும் உள்ள சாதாரண மடக்கு சைக்கிள். நண்பர் ஒருவரிடம் மினிவெலோ இருக்கிறது. சக்கரம் அதே 20 அங்குலம்தான், ஆனால் எங்கும் மடங்காது, கீலே கிடையாது. அதைக் கொஞ்ச நாள் இரவல் வாங்கி, இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டினேன். எந்தக் குறை சக்கரத்துடையது, எந்தக் குறை கீலுடையது என்று பிரித்துப் பார்ப்பதுதான் நோக்கம்.

பிரித்துப் பார்ப்பதில் நியாயமும் உண்டு. இரண்டும் தனித்தனியாகவே வளர்ந்தவை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் பாராசூட் வீரர்களுக்காக பி.எஸ்.ஏ. நிறுவனம் செய்த சைக்கிள் நடுவில் மடங்கும், ஆனால் சக்கரம் பெரியது. 1962-இல் அலெக்ஸ் மோல்டன் வெளியிட்ட சைக்கிளுக்கோ 16 அங்குலச் சக்கரம், ஆனால் மடக்குவது அவர் நோக்கமே இல்லை. மினி காருக்கு ரப்பர் சஸ்பென்ஷன் அமைத்த பொறியாளர் அவர். சின்னச் சக்கரம் என்றால் எடை குறையும், வலு கூடும், மேலே சாமான் வைக்க இடம் கிடைக்கும் என்று பார்த்தார். அதே ஆண்டு ஜான் வுட்பர்ன் என்ற சைக்கிள் வீரர் அந்தச் சைக்கிளில் கார்டிஃப்–லண்டன் சாலைச் சாதனையை முறியடித்தார். ஆக, சக்கரம் சின்னது என்பதாலேயே வண்டி மந்தமாகிவிடாது.

சரி, ஓட்டத்துக்கு வருவோம். முதலில் உறைப்பது ஹேண்டில்தான். கையை லேசாக அசைத்தாலே வண்டி திரும்பிவிடுகிறது. மினிவெலோவிலும் இது இருந்தது, ஆகவே இதைச் சக்கரத்தின் கணக்கில் எழுதலாம். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் திரும்பும் அச்சை நேராகத் தரைவரை நீட்டினால் ஓர் இடத்தில் தொடும், டயர் அதற்குச் சற்றுப் பின்னால் தரையைத் தொடும். இந்த இடைவெளிக்கு ட்ரெயில் என்று பெயர். சக்கரத்தைத் தானாக நேராக்கி வைப்பதில் அதற்கு முக்கியப் பங்கு உண்டு. மற்ற கோணங்களை மாற்றாமல் சக்கரத்தை மட்டும் சின்னதாக்கினால் ட்ரெயிலும் குறைந்துவிடும். நல்ல தயாரிப்பாளர்கள் ஃபோர்க்கின் முன்வளைவைக் குறைத்து இதைச் சரிக்கட்டுகிறார்கள். அதோடு சக்கரத்தின் எடை குறைவு, அது சுழல்வதால் வரும் நிலைப்பும் குறைவு. இரண்டு கையையும் விட்டு ஓட்டும் பழக்கம் உள்ளவர்கள் இந்த வண்டியில் அதை மறந்துவிடலாம். மற்றபடி, கொஞ்சம் ஓட்டியதுமே கைக்குப் பழகிவிடுகிறது. அப்புறம் நெரிசலான இடத்தில் இதே சுறுசுறுப்பு பிடித்துப்போகிறது.

ஆனால் 'ஆடுது' என்று சொல்வது இதை இல்லை. மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது ஹேண்டில் பக்கவாட்டில் வளைகிறதே, அதைத்தான் சொல்கிறார்கள். மினிவெலோவில் அது துளியும் இல்லை. சக்கரம் தாழ்ந்து இருப்பதால் மடக்கு சைக்கிளில் ஹேண்டிலைக் கையின் உயரத்துக்குக் கொண்டுவர நீளமான தண்டு வேண்டும். அதன் அடியில் ஒரு கீல், பல வண்டிகளில் உயரத்தை மாற்ற ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய். அத்தனை நீளத் தண்டின் நுனியைப் பிடித்து இழுத்தால் எந்த உலோகமும் கொஞ்சம் நெளியத்தான் செய்யும். மினிவெலோவில் ஃபிரேமின் முன் குழாயே உயரமாக ஏறி வந்துவிடுகிறது. ஆக இது கீலின் கணக்கு. உட்கார்ந்தபடியே, கியரைக் குறைத்து ஏறினால் தொல்லை இல்லை. இதற்காக நான் செய்த ஒரே மாற்றம், குழாயை மிகக் குறைவாக வெளியே இழுத்து, ஹேண்டிலைச் சீட்டை விடச் சற்றே தாழ்வாக வைத்தது. அதிலேயே பாதி நெளிவு போய்விட்டது.

கீல்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், பாதுகாப்பு அங்கேதான் இருக்கிறது. நெம்புகோலை மூடும்போது உள்ளங்கையால் நன்றாக அழுத்தித்தான் மூட வேண்டும். விரலாலேயே மூடிக்கொண்டால் இறுக்கம் போதாது. நெம்புகோலுக்குப் பின்னால் இருக்கும் நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி இறுக்கத்தைக் கூட்டலாம். அசைவு இருக்கிறதா என்று பார்க்க, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டி, கீலின் இரு பாதிகளும் சேரும் கோட்டில் ஒரு விரலை வைத்துப் பாருங்கள். 'டக் டக்' என்று விரலுக்குத் தெரிந்தால் இறுக்க வேண்டும். நெம்புகோல் தானாகத் திறக்காமல் தடுக்கும் சின்னக் கொக்கி ஒன்று இருக்கும். அது சரியாக விழுந்ததா என்று கண்ணால் பார்க்காமல் நான் ஏறுவதே இல்லை. நடுக்கீலை விட ஹேண்டில் தண்டின் கீல் விஷயத்தில்தான் அதிகக் கவனம் தேவை. அது ஓடும்போது திறந்தால் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. கீச்சுச் சத்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் கீலின் முகங்களுக்கிடையே சேரும் தூசு. துடைத்துவிட்டு, கீலின் அச்சு ஊசி சுழலும் இடத்தில் மட்டும் லேசாக கிரீஸ் வைத்தேன், சத்தம் நின்றது.

இப்போது டயர். சின்னச் சக்கரத்தின் உண்மையான குறை இங்கேதான், அதற்கு மருந்தும் இங்கேதான். ஒரே அளவுள்ள குழியில் சின்னச் சக்கரம் அதிகம் இறங்கும், மேலே ஏறி வரும்போது அதிகச் செங்குத்தாக மோதும். கூடவே சுழற்சியும் அதிகம். 28 மி.மீ. டயர் போட்ட பெரிய சக்கரம் ஒரு சுற்றில் ஏறக்குறைய 2.13 மீட்டர் போகும். 40 மி.மீ. டயருடன் என் சக்கரம் போவது 1.53 மீட்டர். அதாவது அதே தூரத்துக்கு ஏறக்குறைய 40 சதவீதம் கூடுதலாகச் சுற்ற வேண்டும். டயரும் ரிம்மும் சீக்கிரம் தேய்வதற்கு இதுவே காரணம். நீண்ட இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் ரிம் சூடாவதும் சீக்கிரம், விட்டு விட்டுப் பிடிப்பது நல்லது.

வண்டியோடு வந்த டயர் தடித்த ரப்பர், கையால் வளைத்தாலே எதிர்ப்புக் காட்டும். 65 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வரை காற்று அடித்தால் ஓடும், ஆனால் ஒவ்வொரு கல்லையும் சொல்லிக் காட்டும். அதைக் கழற்றிவிட்டு, பக்கச் சுவர் மெலிந்த 50 மி.மீ. டயர் போட்டு 40 பி.எஸ்.ஐ. வைத்தேன். இந்தச் சைக்கிளில் நான் செய்த மாற்றங்களிலேயே அதிகப் பலன் தந்தது இதுதான். மிருதுவாகவும் ஆனது, மெதுவாகவும் ஆகவில்லை. டயர் உருளும்போது வளைந்து நிமிர்வதில்தான் சக்தி வீணாகிறது. சுவர் மெலிதாக இருந்தால் அந்த இழப்பு குறையும். வெறும் குண்டு டயர் மட்டும் போதாது என்பதற்கு பழைய உதாரணம் ஒன்று உண்டு. மோல்டனுக்குப் போட்டியாக 1965-இல் ராலே நிறுவனம் ஆர்.எஸ்.டபிள்யூ.16 என்ற சைக்கிளைக் கொண்டுவந்தது. சஸ்பென்ஷனுக்குப் பதில் குறைந்த காற்றில் ஓடும் குண்டு டயர். அது இழுத்து இழுத்துத்தான் ஓடியது. சின்னச் சக்கரத்துக்கு வந்த கெட்ட பெயரில் அதற்கும் ஒரு பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

டயர் வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 20 அங்குலம் என்ற பெயரில் இரண்டு ரிம் பரவலாக இருக்கின்றன: டயர் உட்காரும் இடத்தின் விட்டம் ஒன்றில் 406 மி.மீ., இன்னொன்றில் 451 மி.மீ. ஒன்றின் டயர் மற்றதில் ஏறவே ஏறாது. 16 அங்குலத்திலும் அப்படித்தான், 305-ம் உண்டு, பிராம்ப்டன் என்ற பிரிட்டிஷ் மடக்கு சைக்கிளில் வரும் 349-ம் உண்டு. அங்குலத்தைப் பார்க்காதீர்கள், பழைய டயரின் பக்கத்தில் 50-406 (அகலம், விட்டம்) என்பதுபோல அச்சாகியிருக்கும் எண்ணைப் பாருங்கள். குண்டு டயர் போடுமுன் மட்கார்டில் இடம் இருக்கிறதா என்பதையும், மடக்கும்போது எதிலாவது உரசுமா என்பதையும் அளந்துகொள்ளுங்கள். என் வண்டியில் முன் மட்கார்டின் கம்பியைச் சற்று வளைக்க வேண்டியிருந்தது. சைக்கிளில் வேகம் காட்டும் கருவி இருந்தால் அதில் சுற்றளவையும் மாற்ற வேண்டும், என்னுடையது 1.59 மீட்டர் ஆகிவிட்டது.

கியர் பற்றி ஒரு தவறான எண்ணம் பலருக்கு இருக்கிறது, சின்னச் சக்கரம் என்றால் படபடவென்று மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று. மிதிக்கும் வேகத்தைத் தீர்மானிப்பது கியர் விகிதம். முன்னால் பெரிய பல்சக்கரம் போட்டுவிட்டால் கணக்கு சரியாகிவிடும். என் வண்டியில் முன்னால் 52 பல். பின்னால் மிகச் சின்னது 14 பல்லாக இருந்தபோது பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் 5.9 மீட்டர். 11 முதல் 28 பல் வரை உள்ள ஃப்ரீவீலுக்கு (பின் பல்சக்கரத் தொகுதி) மாறிய பிறகு மேல் கியரில் 7.5 மீட்டர். உண்மையைச் சொன்னால் அந்த 11 பல் இறக்கத்தில் தவிர வீண். அவ்வளவு சின்னப் பல்சக்கரம் சீக்கிரம் தேயவும் செய்யும். எனக்கு 13 போதும். சின்னச் சக்கரத்தின் வரம் உண்மையில் மறுமுனையில் இருக்கிறது: மேடேறத் தேவையான தாழ்ந்த கியர் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது.

மடக்குவதற்கு ஒரு வரிசை இருக்கிறது, எல்லா வண்டிக்கும் அது வேறு. என்னுடையதில் முதலில் செயினைப் பின்னால் உள்ள மிகப் பெரிய பல்சக்கரத்துக்குக் கொண்டுவருவேன், அப்போதுதான் டெரெய்லர் (செயினைப் பல் மாற்றும் கருவி) உள்ளே ஒதுங்கும். பிறகு இடது பெடலைக் கழற்றி, பாதியாக மடித்து, காந்தம் ஒட்டும் சத்தம் கேட்டபின் ஹேண்டிலைச் சாய்த்து, கடைசியில்தான் சீட்டை இறக்குவேன். சீட்டை முதலிலேயே இறக்கினால் வண்டியைப் பிடிக்க ஒன்றும் இருக்காது. சீட் கம்பியில் என் உயரத்துக்கு ஒரு கோடு கீறி வைத்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் தேட வேண்டியதில்லை. அந்தக் கம்பிக்கு எண்ணெயோ கிரீஸோ வேண்டாம். நீளக் கம்பி உராய்வினால் மட்டுமே நிற்கிறது, பிசுக்கு இருந்தால் மெல்ல மெல்ல இறங்கும். மடங்கும் பிளாஸ்டிக் பெடல்களை மட்டும் என்னால் சகிக்க முடியவில்லை, கால் வைத்தாலே நெளியும். அவற்றை எடுத்துவிட்டு, கையாலேயே கழற்றி மாட்டும் பெடல் போட்டுவிட்டேன். இன்னொன்று: பிரேக் பிடி சற்று மெத்தென்று இருந்தால் பதற வேண்டாம். மடங்குவதற்காக கேபிளை நீளமாக விட்டிருப்பார்கள், அதன் விளைவு அது.

சாமான் ஏற்றுவதில் மோல்டன் சொன்னது சரிதான். சக்கரம் தாழ்வாக இருப்பதால் பாரமும் தாழ்வாக உட்காருகிறது. இரு அச்சுகளுக்கும் இடையே தூரம் பெரிய சைக்கிளைப் போலவே ஏறத்தாழ ஒரு மீட்டர் என்பதால் வண்டி நிதானமாகவே ஓடுகிறது. முன்பக்கப் பையை ஹேண்டிலில் தொங்கவிட்டால் மட்டும் திருப்புவதற்குச் சுமையாகும். பிராம்ப்டனில் பை ஃபிரேமில் மாட்டிக்கொள்வதால் ஹேண்டில் தனியாகத் திரும்பும். அதே முறையில் என் ஃபிரேமின் முன் குழாயில் ஒரு தாங்கி பொருத்தினேன். திரும்பும்போது பை திரும்பாமல் இருப்பதைப் பார்க்க முதலில் விசித்திரமாக இருக்கும்.

இனி மீதி இருப்பது டெரெய்லர். சக்கரம் சின்னது என்பதால் அது தரைக்கு மிக அருகில் தொங்குகிறது, சேறும் மணலும் அதற்குத்தான் முதலில். அதற்குப் பதில் பின்சக்கரத்தில் மூன்று கியர் உள்ள ஹப் (கியர்களை உள்ளேயே கொண்ட சக்கர நடுப்பகுதி) போடப் போகிறேன். கீழ் கியர் நடுக்கியரில் 75 சதவீதம், மேல் கியர் 133 சதவீதம். பின்னால் 18 பல் போட்டால் பெடல் ஒரு சுற்றுக்கு 3.4, 4.6, 6.1 மீட்டர் கிடைக்கும். 20 பல் என்றால் 3.1, 4.1, 5.5. மேட்டை நினைத்தால் 20-தான் சரி, அதில்தான் தொடங்கப் போகிறேன். ரிம்மில் 28 துளை என்பதால் ஹப்பும் 28 துளையாகவே வேண்டும். ஹப் குண்டாக இருப்பதால் இப்போதிருக்கும் ஆரக்கம்பிகள் நீளமாகிவிடும். கம்பி நீளத்தை மறுபடி கணக்கிட்டு, சக்கரத்தைப் புதிதாகக் கட்டிக் கோட்டம் எடுக்க வேண்டும்.