டேஸ்காலர்னா யாரு?

கல்லூரிச் சேர்க்கைப் படிவத்தில் ஹாஸ்டலர், டேஸ்காலர் என்று இரண்டு கட்டம் இருந்தது. நான் இரண்டாவதை டிக் அடித்தேன். அன்று சாயங்காலமே ஆச்சி தெருவில் நாலு பேரிடம் சொல்லிவிட்டாள்: "பேத்திக்கு ஸ்காலர் கெடச்சிருக்கு, பீஸுல பாதி கொறைஞ்சிரும்." அது வேறு, இது வேறு என்று புரியவைக்க ஒரு வாரம் ஆனது.

வீட்டிலிருந்து வந்து படிப்பவர், அவ்வளவுதான் பொருள். கல்லூரி ஆபீஸ் கணக்கில் ஹாஸ்டலில் இல்லாத எல்லோரும் டேஸ்காலர்தான். எங்கள் வகுப்புக் கணக்கு வேறு. வெளியே ரூம் எடுத்துத் தங்கியவர்களை யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அவர்கள் 'ரூம் பசங்க'. அவர்களிடம்தான் டிபன்பாக்ஸ் கிடையாதே!

மதியம் மணி அடித்ததும் ஹாஸ்டல் பிள்ளைகள் கேட்கிற முதல் கேள்வி, "டேஸ்காலர் எங்கடி?" என்னைத் தேடவில்லை, பையைத் தேடுகிறார்கள். அம்மா புளியோதரை கட்டிய நாளில் டப்பாவைத் திறந்தது மட்டும்தான் நான். ஐந்து கை உள்ளே போய் வந்தபின் எனக்கு மிஞ்சியது ஓரத்தில் ஒட்டிய பருக்கையும் ஒரு கூழ்வத்தலும். மூன்றாவது செமஸ்டரில் அம்மா மூன்றடுக்கு கேரியருக்கு மாறினாள்.

இன்னொரு பயன்பாடும் உண்டு. கல்ச்சுரல்ஸ் ஒத்திகைக்கு ஆள் சேர்க்கும்போது, "அவ டேஸ்காலர், விடு." நாலரை மணிக்கு பஸ் கிளம்பிவிடும், இவளை நம்ப முடியாது என்று அர்த்தம். திட்டு இல்லைதான். ஆனாலும் சுருக்கென்று இருக்கும்.

ஸ்காலர் என்ற சொல்லுக்கு வேர் கிரேக்க மொழியில் இருக்கிறதாம். 'ஸ்கோலே', அதாவது ஓய்வு நேரம். காலை 6.40-க்கு அம்பாசமுத்திரத்தில் பஸ் ஏறி, வீரவநல்லூர் வருமுன் தூங்கி, மேலப்பாளையத்தில் முழித்த எனக்கு இதைப் படித்தபோது சிரிப்புதான் வந்தது.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் மறுபடியும் அந்தக் கதை ஓடியது. ஹாஸ்டலில் ராத்திரி முழுக்க கரண்ட் போனது, மொட்டைமாடியில் பாய் விரித்தது, வார்டன் டார்ச்சோடு வந்தது. எத்தனையாவது தடவையோ. எந்தப் படியில் வார்டனுக்குக் கால் இடறியது என்பதுவரை எனக்கு மனப்பாடம்.

"நீயும் அன்னிக்கு இருந்தேல்ல?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஆமா" என்று போட்டுவிட்டேன்.