கூறியான் எங்கே?

"உங்களுக்கு இதையெல்லாம் கற்பனை செய்து பார்ப்பதே கஷ்டமாக இருக்கும், இல்லையா?" என்று கேட்டார் என்னோடு வேலை செய்யும் பெண். அன்பாகத்தான் கேட்டார். அவர் கை சுவரைக் காட்டியது. சுவரில் கடல், வள்ளங்கள், மீனோடு மல்லுக்கட்டும் ஆட்கள். யாழ்ப்பாணத்துப் பாசையூர்க் கரையில் வளர்ந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது! முதலில் சிரிப்புத்தான் வந்தது. சூப் ஆறுவதற்குள் அது கொஞ்சம் குத்தவும் தொடங்கியது.

ஒருவர் ஓய்வு பெறுகிறார் என்று அலுவலகமே சாப்பிடப் போயிருந்தது. நோர்வேயில் பேர்கன் நகரத்தின் பழைய பங்குச்சந்தை மண்டபம், இப்போது உணவகம். சுவரோவியங்கள் அக்செல் ரெவோல்ட் 1921க்கும் 1923க்கும் இடையில் வரைந்தவை. பாரிசில் ஓவியர் மத்தீஸிடம் படித்துவிட்டு வந்த மனிதர். சுவரில் பூசிய ஈரச் சாந்தின் மேலேயே வரைகிற முறை; சாந்து காய்வதற்குள் வண்ணம் ஏறிவிட வேண்டும். அன்றைக்குப் பூசிய அளவை அன்றைக்கே முடித்தாக வேண்டும். கேட்டதும் எனக்குப் பிடித்துப்போனது. மீனும் அப்படித்தானே, விடிந்தால் வேறு சாமான்.

நான் இங்கே வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. பழகிவிட்டேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். மழையைப் பற்றி முறையிடுவதை நிறுத்திவிட்டேன். பழுப்புச் சீஸ்கூட இறங்குகிறது. வைத்தியரைப் பார்க்கப் போனால் அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயர் என்று உரக்கக் கூப்பிடுவார்கள், நானும் எழுந்து போவேன். வாழ்நாளில் மன்னாரைத் தாண்டாத மனிதரை நோர்வேக்காரர்கள் இத்தனை தரம் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தரமும், ஒரு நொடி, அவர் ஈரச் சாரத்தோடு கதவைத் திறந்துகொண்டு வரப்போகிறார் என்று தோன்றும்.

என் முதல் வேலை வடக்கே, ஒரு மீன் தொழிற்சாலையில். அந்தக் காலத்தில் வந்த எங்கள் ஆட்களில் பலருக்கு அதுதான் வாசல். தை மாதம் தொடங்கிச் சித்திரை வரை பேரன்ட்ஸ் கடலிலிருந்து கோட் மீன்கள் முட்டையிட லொபோத்தன் தீவுகள் பக்கம் வரும். பிடித்ததில் ஒரு பங்கை உப்பில்லாமல் மரச் சட்டங்களில் தொங்கவிட்டுக் குளிரிலும் காற்றிலும் காயவைப்பார்கள். உப்பில்லாத கருவாடு! அம்மாவிடம் கடிதத்தில் எழுதினேன், நம்பவில்லை. தலைகளைத் தனியே கோத்துக் காயவைத்து நைஜீரியாவுக்கு அனுப்புவார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. விளைமீன் தலைச் சொதிக்காக அண்ணனோடு சண்டை பிடித்தவன் நான். என் கண் முன்னால் மலை மலையாகத் தலைகள், ஒன்றும் எனக்கில்லை. ஒருநாள் மேற்பார்வையாளரிடம் வெட்கத்தை விட்டு இரண்டு தலை கேட்டேன். நாய் வளர்க்கிறாயா என்று கேட்டார். ஆம் என்றேன். அந்த இல்லாத நாய்க்காக அந்தப் பனிக்காலம் முழுக்கத் தலை வந்தது, நல்ல தலைகள்.

சரி, சுவருக்கு வருகிறேன். ஒரு சுவரில் வடக்கே கடல் தொழில், இன்னொன்றில் பேர்கன், மற்றதில் வெளியுலகம். மீன் ஒரு சுவரில் பிடிபட்டு, அடுத்ததில் கைமாறி, மூன்றாவதில் உலகத்துக்குப் போய்விடுகிறது. தொழில் செய்கிறவனைச் சாமி படம் மாதிரி இவ்வளவு பெரிதாக வரைந்து நான் பார்த்ததில்லை. எங்களூர் அந்தோனியார் கோயிலில் புனிதருக்குத்தான் அந்த உயரம். அப்பா வள்ளத்தை நடத்தும் தண்டையலாக நின்ற நாட்களில் அவரைப் படம் எடுத்தவர்கூட யாருமில்லை. எங்கள் வீட்டில் இருக்கும் ஒரே படம் அடையாள அட்டைக்காக எடுத்தது. அதில் கடலே இல்லை.

ஆனால் ஒரு குறை உறுத்திக்கொண்டே இருந்தது. கூறியானைக் காணவில்லை. வள்ளம் கரை தட்டியதும் மீனைக் குவித்து அவர் விலை கூறத் தொடங்குவார். ஆட்கள் சுற்றி நிற்பார்கள். ஏறும், ஏறும், பிறகு ஏறாது. அப்பா ஒரு வார்த்தை பேசமாட்டார். இரவு முழுக்கக் கடலில் நின்றவருக்கு அந்த ஐந்து நிமிடம்தான் நெஞ்சிடி. இங்கே மூன்று சுவரிலும் தேடினேன்.

இனிப்பு வந்த பிறகுதான் உறைத்தது. இது பங்குச்சந்தை. விலை பேசியவர்கள் சுவரில் இருக்கவேண்டிய அவசியமில்லை. அவர்கள் நின்றது நாங்கள் கதிரை போட்டிருந்த அதே தரையில். பிடித்தவன் மேலே சாந்தில், பேசியவன் கீழே சப்பாத்தோடு.

அந்தப் பெண்ணிடம் இதைச் சொல்லப் பார்த்தேன். கூறியானுக்கு நோர்வேஜிய மொழியில் என்ன சொல்வது? ஏலக்காரன் என்றேன். மரச்சுத்தியல் வைத்திருப்பாரா என்று கேட்டார். இல்லை, வெற்றிலை வைத்திருப்பார் என்றேன். பாவம், அவர் தலையாட்டினார். காரைநகரில் நோர்வே உதவியோடு நடந்த சீநோர் படகுத் தளம், குருநகரில் அவர்களுடைய வலைத் தொழிற்சாலை என்று நான் அடுக்கத் தொடங்கியபோது, ஓய்வு பெறுகிறவருக்குப் பரிசு கொடுக்க எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

போகிற போக்கில் வடக்குச் சுவரைப் போனில் பிடித்து ஊரில் இருக்கும் அண்ணனுக்கு அனுப்பினேன். நூறு வருடம் பழைய ஓவியம், பெரிய கலைஞர் வரைந்தது என்று கீழே விளக்கமும் எழுதினேன். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது பதில் வந்திருந்தது.

"மீன் நல்லாத்தான் கிடக்குது. என்ன விலைக்குப் போச்சாம்?"