கருப்பியும் பூட்டிய வீடும்

கருப்பிக்கு இப்போது 5 மாதம். மழைக்கு எங்கள் தெருமுனையில் ஒதுங்கி நின்ற நாட்டு நாய்க்குட்டி. நாங்கள் வீட்டில் இருந்தால் சமத்தாக மொட்டைமாடிக்குப் போய்வரும். வேலைக்குக் கிளம்பிவிட்டால் மட்டும் ஹாலில் மூத்திரம், சில நாள் ஆயும்.

சாயங்காலம் கதவைத் திறந்ததும் காதை மடக்கிப் பம்மும். "தப்பு செஞ்சது தெரியுது பாருங்க" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. இல்லை. அது நம் முகத்தைப் பார்த்துப் பயப்படுகிறது, அவ்வளவுதான். காலையில் பெய்ததற்கும் மாலையில் விழும் திட்டுக்கும் அதனால் முடிச்சுப் போட முடியாது. குட்டியின் மூக்கை மூத்திரத்தில் தேய்க்கிற பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

மருத்துவரிடம் சிறுநீர் பரிசோதித்தோம், தொற்று இல்லை. குட்டிக்கு எத்தனை மாதமோ, ஏறக்குறைய அத்தனை மணி நேரம்தான் அடக்க முடியும் என்றார். நாங்கள் விட்டுப்போனது 9 மணி நேரம்! நினைக்க நினைக்க மனசு ஆறவில்லை.

இப்போது மதியம் அம்மா வந்து மாடிக்குக் கூட்டிப்போகிறார். அங்கே ஒன்றுக்கு இருந்து முடித்த கையோடு ஒரு துண்டு அவித்த கோழி. பினாயில் போட்டால் நமக்குத்தான் வாடை போகும், அதன் மூக்குக்குப் போகாது. அதனால் மூத்திர வாடையைச் சிதைத்துப் போக்கும் என்சைம் கலந்த திரவம் வாங்கினோம். அப்புறம் தனிமைப் பழக்கம்: செருப்பு மாட்டி, சாவி எடுத்து வெளியே போய் அரை நிமிடத்தில் திரும்புவது. பிறகு 2 நிமிடம், 5 நிமிடம்... அது அழத் தொடங்கும் முன்பே வந்துவிட வேண்டும்.

11 நாள் தரை காய்ந்தே இருந்தது. நேற்று இடி இடித்தபோது மட்டும் சோபா ஓரம் ஒரு சின்னக் குட்டை. துடைத்துவிட்டு மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன்.