யார் யாரிடம் பேசுகிறார்: சங்கீதப் பிரசங்கத்துக்கு முந்தின வேலை

வேதாகமத்தின் சங்கீதம் ஒன்றைப் பிரசங்கத்துக்கு எடுத்தவுடன் விளக்கவுரையைத் திறப்பது பலருக்கும் பழக்கம். அதற்கு முன்னால் பென்சிலை எடுக்க வேண்டும். ‘நான்’, ‘நீர்’, ‘அவர்’, ‘உன்’ வரும் இடங்களில் எல்லாம் கோடு போட்டு, யார் யாரிடம் பேசுகிறார், எந்த வசனத்தில் ஆள் மாறுகிறது என்று பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

23ஆம் சங்கீதத்தின் முதல் மூன்று வசனங்களும் கர்த்தரைப் பற்றிய பேச்சு. மேய்க்கிறார், நடத்துகிறார். நாலாம் வசனத்தில் மரண இருளின் பள்ளத்தாக்கு வந்ததும் ‘தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்’ என்று மாறுகிறது. புல்வெளியில் அவரைப் பற்றிப் பேசினவன் இருட்டில் அவரிடமே பேசுகிறான். ‘மேய்ப்பனின் ஏழு குணங்கள்’ என்று பட்டியல் போடும் பிரசங்கத்தில் இந்தத் திருப்பம் காணாமல் போய்விடும்.

அங்கேயே இன்னொரு நுணுக்கம். மூன்றாம் வசனத்தில் ‘ஆத்துமாவைத் தேற்றி’, நாலாம் வசனத்தில் ‘கோலும் தடியும் தேற்றும்’. தமிழில் ஒரே சொல். எபிரெயத்தில் முதலாவது, திரும்புதலைக் குறிக்கும் ‘ஷூப்’ என்ற வேரிலிருந்து வருகிறது, இரண்டாவதுதான் ஆறுதல். அறுப்பு முடிந்த வயலில் ஆட்டுக் கிடை போடும் கீதாரிகளை, அதாவது ஊர் ஊராய்ப் போகும் மேய்ப்பர்களை, பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தப்பிப்போன ஆட்டை மடக்கிக் கொண்டுவருவது ஒரு வேலை, பயந்த ஆட்டைத் தட்டிக்கொடுப்பது வேறு வேலை.

‘நாம்’, ‘நாங்கள்’ என்ற பிரிவு எபிரெயத்தில் கிடையாது. தமிழில் மொழிபெயர்ப்பாளர் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். அதனால் பழைய மொழிபெயர்ப்பில் ‘தேவன் நமக்கு அடைக்கலமும் பெலனும்’ (46:1) என்பது சபையைப் பார்த்த பேச்சு; ‘எங்கள் நாட்களை எண்ணும் அறிவை எங்களுக்குப் போதித்தருளும்’ (90:12) என்பது தேவனைப் பார்த்த ஜெபம். பிரசங்கத்தையும் அதே திசையில் கொண்டுபோகலாம். (ஜெபத்தில் ‘ஆண்டவரே, நம்மை ஆசீர்வதியும்’ என்பவர்கள், தேவனையும் வரிசையில் நிற்கவைத்து ஆசீர்வாதம் கேட்கிறார்கள்!)

மதுரையில் அதிகம் தடுக்கிவிடுவது 121ஆம் சங்கீதம். ‘எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்’ என்பது பழைய மொழிபெயர்ப்பு. கிழக்கே யானைமலை, மேற்கே நாகமலை, வடக்கே அழகர்மலை என்று சுற்றிலும் மலை தெரியும் ஊரில், ஒத்தாசை மலையிலிருந்தே வருவதாகக் கேட்டுக்கொள்வார்கள். மூலத்தில் இரண்டாம் பாதி ஒரு கேள்வி. 1995இல் வந்த திருவிவிலியத்தில் ‘எங்கிருந்து எனக்கு உதவி வரும்?’ என்று இருப்பதைக் கத்தோலிக்கர், புராட்டஸ்டன்டார் ஆகிய இரண்டு சபையாரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இது எருசலேமுக்கு ஏறிப்போகும் யாத்திரைப் பாட்டு. ஆரோகண சங்கீதங்கள் பதினைந்தில் இரண்டாவது. மலை வழிப்போக்கனுக்குத் துணையா, பயமா என்று தெரியாத நிலையில் எழும் கேள்விக்குப் பதில், வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவரிடமிருந்து என்பது. கேள்வியை விட்டுவிட்டால் பதிலுக்கு உயிர் இல்லை.

126:4இல் ‘தெற்கத்தி வெள்ளங்கள்’ வருகிறது. 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இதைக் கேட்பவர்களுக்குத் தூத்துக்குடியும் திருநெல்வேலியும்தான் கண்முன் வரும், வேண்டுதல் சாபமாகிவிடும். சங்கீதக்காரர் சொல்வது யூதாவுக்குத் தெற்கே உள்ள வறண்ட ஓடைகள். மழை பெய்தால் திடீரென்று நிரம்பும். ‘காட்டாறு’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். வைகையை உவமை காட்டுவதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும்: மணலாய்க் கிடந்த ஆற்றில் தண்ணீர் வரும் காட்சி பொருந்தும், ஆனால் அது அணையில் திறந்துவிட்டு வருவது, காட்டாற்றுக்கு நாள் குறித்துச் சொல்ல ஆள் கிடையாது.

அடக்க ஆராதனையில் 90ஆம் சங்கீதம் வழக்கம். எண்பது வயதுப் பெரியவருக்குப் பொருந்தும். முப்பது வயதில் விபத்தில் போனவரின் பெட்டியருகே ‘ஆயுசு நாட்கள் எழுபது வருஷம்’ என்று வாசித்தால் தாயின் முகத்தைப் பார்க்க முடியாது. அங்கே ‘எதுவரைக்கும்’ என்று கேட்கும் 13ஆம் சங்கீதம், அல்லது 88ஆம் சங்கீதம். 88இல் கடைசிவரை விடியல் இல்லை. எபிரெயத்தில் அதன் கடைசிச் சொல்லே இருள். ‘ஆனாலும் நம்பிக்கை உண்டு’ என்று பிரசங்கியார் அவசரப்பட்டு ஒட்டுப்போடக் கூடாது. வாசலில் ஒப்பாரி வைக்கும் பெண்கள் இறந்தவரைப் பார்த்தே ‘என்னை விட்டுப் போனியே’ என்று கேட்கிறார்கள். சங்கீதக்காரர் தேவனைப் பார்த்தே கேட்கிறார். அழுகைக்கு முகவரி உண்டு என்பதை மட்டும் சொல்லிவிட்டு உட்காரலாம்.

டிசம்பர் 31 இரவு வாக்குத்தத்த அட்டை எழுதும்போது 91:10 தவறாமல் இடம்பெறும்: ‘வாதை உன் கூடாரத்தை அணுகாது’. அடுத்த இரண்டு வசனங்களைத்தான் பிசாசு தேவாலய உப்பரிகையில் இயேசுவிடம் சொல்லிக்காட்டினான் (மத்தேயு 4:6). ஒரு வசனத்தை மட்டும் கிள்ளி எடுப்பதில் என்ன கோளாறு என்று கேட்பவர்களுக்கு இதைக் காட்டலாம். அட்டை போடுவதானால் ‘ஆபத்தில் நானே அவனோடிருந்து’ என்ற 15ஆம் வசனத்தையும் சேர்த்துப் போடுங்கள். ஆபத்து வராது என்று அங்கே சொல்லவில்லை.

வாசிப்பதிலும் இதே கணக்குதான். ஆயர் ஒரு வசனம், சபை ஒரு வசனம் என்று மாறி மாறி வாசிக்கும்போது பேசுகிறவர் யார் என்பது குழம்பிவிடுகிறது. வசன எண்களை விட்டுவிட்டுக் குரலைப் பார்த்துப் பிரிக்க வேண்டும். 121இல் முதல் இரண்டு வசனம் ‘நான்’. அதை ஒருவர் தனியாக வாசிக்கட்டும். ‘உன் காலைத் தள்ளாடவொட்டார்’ என்ற மூன்றாம் வசனம் முதல் எட்டுவரை சபை அவரைப் பார்த்துச் சொல்லட்டும். 91இல் மூன்று குரல்: 1, 2 ஒருவர், 3 முதல் 13 சபை, தேவனே பேசும் 14 முதல் 16 பலிபீடத்தருகிலிருந்து. சனிக்கிழமை மாலையே வாசிப்பவரை ஒரு தரம் சத்தமாக வாசிக்க வைத்தால் போதும். 14ஆம் வசனத்துக்கு முன் மூச்சு விடும் அளவுக்கு நிறுத்தச் சொல்லுங்கள். அந்த இடைவெளியில்தான் ஆள் மாறியது சபைக்குத் தெரியும்.