வீடியோவை எங்கே நிறுத்துவது?

மேல்நிலை வகுப்புகளில் இணையவழிப் பாடங்களைப் பயன்படுத்தும் ஆசிரியர்களுக்குப் பயிற்சிக் கட்டகம் தயாரிக்கச் சொன்னபோது, நிகழ்ச்சி நிரலைத் தயாராகவே கையில் கொடுத்துவிட்டார்கள். முற்பகல் மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயத்தில் பதிவு செய்தல், தேநீர், திக்‌ஷா செயலி, மதிய உணவு, மணற்கேணி செயலி, பின்னூட்டம், வருகைச் சான்று. நான் வேதியியல் முதுகலை ஆசிரியர். அவ்வப்போது டயட்டுக்கு, அதாவது மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்துக்கு, கருத்தாளராகப் போய்வருகிறேன். அந்த நிரலைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது, லாகின் செய்யத் தெரியாத ஆசிரியர் இன்று யார் இருக்கிறார்கள் என்பதுதான். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியதிலிருந்து வாட்ஸ்அப் வகுப்பு, கூகுள் மீட், பள்ளிக் கல்வித் தகவல் தளமான எமிஸில் பதிவு என்று எல்லாவற்றையும் செல்போனிலேயே பழகிக்கொண்டவர்கள் இவர்கள். கடவுச்சொல்லை மறப்பார்கள், அது வேறு விஷயம்.

எனவே கட்டகம் எழுதுமுன் சில வகுப்புகளைப் பார்க்க அனுமதி கேட்டேன். "பாருங்க, ஆனா தேதி தள்ளிப்போகாது" என்றார் பொறுப்பு விரிவுரையாளர். அது போதும்.

பள்ளிக்குப் பள்ளி ஒரே காட்சிதான். உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் திரையில் வீடியோ ஓடுகிறது. ஆசிரியர் ஓரத்தில் நின்று, இல்லையென்றால் உட்கார்ந்து நோட்டுத் திருத்திக்கொண்டு இருக்கிறார். வீடியோ முடியும்போது மணியடிக்கப் பத்து நிமிடம் மீதி. "புரிஞ்சுதா?" என்று கேட்டால், "புரிஞ்சுது சார்!" என்று கோரஸாகப் பதில். பிறகு திரையில் கடைசியாக நிற்கும் பக்கத்தைப் பிள்ளைகள் நோட்டில் எழுதுகிறார்கள். இன்னொரு வகை ஆசிரியர்கள் வீடியோவைத் தொடுவதே இல்லை. "அது பாட்டுக்கு நடத்திட்டுப் போயிடும், அப்புறம் நான் எதுக்கு?" என்று ஒரு மேடம் என்னிடம் கேட்டார். சிரித்துக்கொண்டே கேட்டாலும் நியாயமான கேள்வி. கட்டகம் முழுவதுமே அதற்குப் பதிலாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

அடுத்து, வரப்போகும் ஆசிரியர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு கேள்வி அனுப்பினோம்: கடைசியாக ஒரு வீடியோ பாடத்தைக் காட்டியபோது எந்த இடத்தில் நிறுத்தினீர்கள், ஏன்? கூகுள் படிவம் எதுவும் இல்லை, குரல் பதிவாக அனுப்பினாலும் சரி என்றோம். வந்த பதில்களில் பாதி "கரன்ட் போச்சு", "ஹெச்.எம். கூப்பிட்டாங்க", "ஸ்பீக்கர் வேலை செய்யல". பாடத்துக்காக நிறுத்தியவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் அந்தக் கொஞ்சம் பேரின் பதில்கள் தங்கம். ஒருவர், சமநிலைப் பாடத்தில் அம்புக்குறி இரண்டு பக்கமும் வரும் இடத்தில் நிறுத்தி, "வினை நின்னுபோச்சா, நடந்துக்கிட்டு இருக்கா?" என்று கேட்பாராம். வகுப்பில் பெரும்பாலோர் நின்றுவிட்டது என்பார்களாம். உண்மையில் வினை இரண்டு திசையிலும் ஒரே வேகத்தில் நடந்துகொண்டேதான் இருக்கும். வீடியோவில் பேசுபவர் நூறு தடவை அழகாகச் சொன்னாலும் இந்தத் தவறான எண்ணம் வெளியே வராது. கேட்டால்தான் வரும்.

சரி, வடிவமைப்புக்கு வருகிறேன். டயட்டில் கூடிய எங்கள் சிறு குழுவில் முதல் சண்டையே எதை நீக்குவது என்பதில்தான். கணினி ஆசிரியர் ஒருவர், ஆசிரியர்களே வீடியோ தயாரிக்கக் கற்றுக்கொடுக்கலாம் என்றார். ஆர்வமான பிள்ளை, நன்றாகச் செய்யவும் செய்வார். ஆனால் நல்ல வீடியோவுக்கு இங்கே பஞ்சமில்லை. 2017-இல் தொடங்கிய ஸ்வயத்தில் 11, 12 வகுப்புகளுக்கு மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. தயாரித்த பாடங்கள் இருக்கின்றன. காணொலி, படிக்கத் தரும் குறிப்பு, சுயமதிப்பீட்டு வினாக்கள், கலந்துரையாடும் பகுதி என்று ஒவ்வொரு பாடத்துக்கும் நான்கு அங்கங்கள். அதே ஆண்டில் வந்த திக்‌ஷாவில் நம் பாடநூலின் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தாலே பாடம் திறக்கிறது. 2023-இல் வந்த மணற்கேணியில் தமிழிலேயே இருக்கிறது. இதற்கு மேல் ஒரு ஆசிரியர் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எடிட்டிங் செய்வானேன்? வீடியோ தயாரிப்பை எடுத்துவிட்டோம். லாகின் சமாச்சாரங்களை ஒரு பக்கத் தாளாக்கி முன்கூட்டியே அனுப்பிவிட்டோம்.

எதைச் சேர்ப்பது என்பதில் முதலில் வந்தது பாடப் பொருத்த அட்டவணை. நம் மாநிலப் பாடத்திட்டமும் என்.சி.இ.ஆர்.டி. பாடத்திட்டமும் வரிசையில் ஒத்துப்போவதில்லை. அயனிச் சமநிலை நமக்கு 12-ஆம் வகுப்பில் 8-ஆம் அலகு, அவர்களுக்கு 11-ஆம் வகுப்பிலேயே வந்துவிடும். 2022-இல் பாடச்சுமையைக் குறைத்தபோது திட நிலைமையையும் புறப்பரப்பு வேதியியலையும் அவர்கள் 12-ஆம் வகுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள், நமக்கு அவை 6-ஆம், 10-ஆம் அலகுகளாக அப்படியே இருக்கின்றன. "ஸ்வயம்ல தேடினேன், கிடைக்கல சார்" என்று ஆசிரியர் விட்டுவிடுவதற்குப் பல நேரம் இதுதான் காரணம், சோம்பல் இல்லை. ஒவ்வொரு அலகுக்கும் எந்தத் தளத்தில், எந்த வகுப்பின் கீழ், எந்தத் தலைப்பில் தேட வேண்டும் என்று ஒரு அட்டவணை போட்டோம். பார்ப்பதற்கு மிகச் சாதாரணமான தாள். பயிற்சி முடிந்து அதிகம் ஜெராக்ஸ் எடுக்கப்பட்டது அதுதான்.

இரண்டாவது, நிறுத்தத் திட்டம் என்று நாங்கள் பெயர் வைத்த ஒரு பக்கப் படிவம். நான்கு பத்திகள்: எங்கே நிறுத்துவேன், என்ன கேட்பேன், என்ன தவறான பதில் வரும், வந்தால் என்ன செய்வேன். மூன்றாவது பத்திதான் உயிர். பாடம் தெரிந்தவர் யார் வேண்டுமானாலும் கேள்வி எழுதிவிடலாம். என்ன தவறான பதில் வரும் என்று எழுத, அந்த வகுப்பில் சாக்பீஸ் தின்றிருக்க வேண்டும்.

மாதிரிக்கு மின் வேதியியலில், வேதிவினையிலிருந்து மின்சாரம் தரும் டேனியல் மின்கலத்தை எடுத்துக்கொண்டோம். எந்த அனிமேஷனைப் பார்த்தாலும் ஒரு பக்கம் துத்தநாகத் தகடு, ஒரு பக்கம் தாமிரத் தகடு, நடுவில் உப்புப் பாலம், மேலே கம்பி, கம்பியில் சின்னச் சின்னப் புள்ளிகளாக எலக்ட்ரான் ஓடும். பாலத்திலும் புள்ளிகள் ஓடும். பார்க்கிற பிள்ளை என்ன நினைக்கும்? எலக்ட்ரான் கம்பி வழியாகப் போய், கரைசலில் இறங்கி, பாலம் வழியாகத் திரும்பி வருகிறது என்றுதான். படம் அப்படித்தான் காட்டுகிறது. எனவே அங்கே முதல் நிறுத்தம்: "கம்பியில ஓடுறது என்ன, பாலத்துல ஓடுறது என்ன?" தவறான பதில், இரண்டிலும் எலக்ட்ரான். சரியான பதில், கம்பியில் எலக்ட்ரான், பாலத்தில் அயனிகள். இரண்டாவது நிறுத்தம், பாலத்தை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வியோடு. துத்தநாகப் பக்கம் நேர் அயனிகள் மிஞ்சும், தாமிரப் பக்கம் சல்பேட் மிஞ்சும், ஓட்டம் உடனே தடைப்படும் என்பதை வீடியோ சொல்வதற்கு முன் வகுப்பே யோசித்துச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது நிறுத்தம் கணக்குக்கு. தாமிரத்தின் திட்ட ஒடுக்க மின்னழுத்தம் +0.34 வோல்ட், துத்தநாகத்துக்கு −0.76. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மின்கலத்தின் மின்னழுத்தம் 1.10 வோல்ட். இதை நான்கு விடைகள் கொண்ட வினாவாக எப்படி எழுதுவது என்பதற்கே பயிற்சியில் ஒரு அமர்வு ஒதுக்கினோம். தவறான விடைகளைச் சும்மா 2.5, 3.7 என்று போட்டால் யாரும் அதைத் தொடமாட்டார்கள், நமக்கும் ஒன்றும் தெரியாது. −0.42 என்று ஒரு விடை கொடுங்கள், அதைத் தேர்ந்தெடுத்தவர் இரண்டையும் அப்படியே கூட்டியிருக்கிறார். −1.10 என்றால் ஆனோடையும் (துத்தநாகம்) கேத்தோடையும் (தாமிரம்) மாற்றிப் போட்டுக் கழித்திருக்கிறார். 0.42 என்றால் கூட்டிவிட்டு, கழித்தல் குறி வரக்கூடாதே என்று நைசாக அழித்திருக்கிறார். இந்தக் கடைசி ரகம் எல்லா வகுப்பிலும் உண்டு, நானும் படிக்கும்போது அந்த ரகம்தான். இணையவழிப் பாடத்தின் வினாடி வினா மதிப்பெண்ணை மட்டும் பார்த்து, "பத்துக்கு ஆறு" என்று பதிவு செய்துவிட்டுப் போவதற்கும், யார் எந்தத் தவறான விடையைத் தொட்டார்கள் என்று பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் இங்கே ஆசிரியர்களுக்குச் சட்டென்று பிடிபட்டது.

பயிற்சி நாளில் வந்தவர்களை முதலில் மாணவர்களாக உட்கார வைத்தோம். இயற்பியல், உயிரியல் ஆசிரியர்களுக்கு அந்த டேனியல் மின்கல வீடியோவை நிறுத்தாமல் முழுதாகப் போட்டுவிட்டுப் பாலத்தில் ஓடுவது என்ன என்று எழுதச் சொன்னோம். உயிரியல் ஆசிரியர்களில் பலர் எலக்ட்ரான் என்றே எழுதினார்கள். முதுகலை முடித்தவர்கள், கவனமாகப் பார்த்தவர்கள். கொஞ்ச நேரம் சிரிப்பு, கொஞ்ச நேரம் வாக்குவாதம். அதற்குப் பிறகு நான் எந்தக் கொள்கை விளக்கமும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

பிறகு ஜோடி ஜோடியாகத் திட்டம் எழுதினார்கள். ஜோடி சேர்ப்பதில் கொஞ்சம் தந்திரம் செய்தோம். ஓய்வுக்குச் சில வருடங்களே இருக்கும் மூத்தவரோடு ஒரு இளையவர். இளையவருக்குத் தளம் அத்துப்படி. மூத்தவருக்குப் பிள்ளைகள் எங்கே வழுக்குவார்கள் என்பது அத்துப்படி. டைப் செய்யவே விரும்பாத ஒரு சார், மூன்றாவது பத்தியை மட்டும் மளமளவென்று சொல்லச் சொல்ல, பக்கத்திலிருந்த பெண் எழுதித் தள்ளினார். அந்த சார் சொன்னது இன்னொன்றும் உண்டு: "இதுக்கு எதுக்குங்க வீடியோ? துத்தநாகமும் காப்பரும் லேப்ல கிடக்கு. ஃபில்டர் பேப்பரைப் பொட்டாசியம் நைட்ரேட்ல நனைச்சுப் பாலமா போடு. மல்டிமீட்டர்ல ஒண்ணுக்கு மேல காட்டும். பேப்பரை எடு, பூஜ்ஜியம். முடிஞ்சது பாடம்." அவர் சொன்னதில் தப்பே இல்லை. அன்றைக்கே படிவத்தின் தலைப்பில் ஒரு வரி சேர்த்தோம்: இதற்கு வீடியோ தேவையா? இணையவழிப் பாடத்துக்கான பயிற்சியில் இப்படி ஒரு வரி இருக்கலாமா என்று மேலிடத்தில் கொஞ்சம் முனகல் வந்தது. விட்டுக்கொடுக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத அயனி நகர்வுக்கு அனிமேஷன், கையால் தொடக்கூடியதற்கு ஆய்வகம் என்று ஆசிரியர் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொண்டால், வீடியோவும் சரியான இடத்தில் பயன்படும்.

தலைகீழ் வகுப்பறை பற்றி நிறையப் பேர் கேட்டார்கள். அமெரிக்காவின் கொலராடோவில், வுட்லேண்ட் பார்க் உயர்நிலைப் பள்ளியில் 2007 வாக்கில் ஜோனதன் பெர்க்மன், ஏரன் சாம்ஸ் என்ற இரண்டு பேர் பிரபலமாக்கிய முறை அது. அவர்களும் வேதியியல் ஆசிரியர்கள்தான். வீடியோவை வீட்டில் பார், கணக்கை வகுப்பில் போடு என்பது சாரம். கேட்க நன்றாக இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் பலர் வீட்டில் ஒரே போன், அது அப்பாவோடு வேலைக்குப் போய் ராத்திரிதான் திரும்பும், அதிலும் ரீசார்ஜ் இருந்தால்தான். அதனால் வீடியோவும் வகுப்புக்குள்ளேயே, அந்த 45 நிமிடப் பாடவேளைக்குள்ளேயே என்று வைத்துத்தான் எல்லாவற்றையும் திட்டமிட்டோம். ஆறேழு நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோவை முழுதாகக் காட்டவே வேண்டாம், வேண்டிய துண்டை மட்டும் காட்டுங்கள் என்றோம்.

மொழிச் சிக்கலுக்கும் பெரிய தீர்வு எதுவும் எங்களிடம் இல்லை. ஸ்வயத்தின் நல்ல வீடியோ ஆங்கிலத்தில் பேசும், வகுப்போ தமிழ்வழி. ஒரு மேடம் ஒலியை அணைத்துவிட்டுப் படத்துக்குத் தானே தமிழில் பேசிக் காட்டினார். அத்தனை பேருக்கும் அது பிடித்துப்போனது. அதையே ஒரு பயிற்சியாக்கிவிட்டோம். முன்கூட்டி இரண்டு முறை பார்க்காமல் இதைச் செய்ய முடியாது. அதனாலேயே எனக்கு அது இன்னும் பிடிக்கும்.

மாலையில் பின்னூட்டப் படிவம். எல்லோரும் "மிக நன்று". பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட ஆசிரியர் வேறு எதை எழுதுவார்? பயிற்சிகளை மதிப்பிட டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் நான்கு படிகள் சொன்னார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் மாறினார்களா, அதனால் பலன் வந்ததா. நம் பயிற்சிகள் பெரும்பாலும் முதல் படியிலேயே கையெழுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகின்றன. மூன்றாவது படியையாவது பார்க்க வேண்டும் என்று, பயிற்சி முடிந்து சில வாரம் கழித்து, ஒவ்வொருவரும் வகுப்பில் பயன்படுத்திய ஒரு நிறுத்தத் திட்டத்தைப் போட்டோ எடுத்துக் குழுவில் போடச் சொன்னோம். சுத்தமாக டைப் செய்தது வேண்டாம், அடித்துத் திருத்தியதுதான் வேண்டும் என்றோம். வகுப்பில் எதிர்பார்த்த தவறு வராமல் வேறு தவறு வந்தால், அதைச் சிவப்பில் எழுத வேண்டும். எல்லோரும் அனுப்பவில்லை. அனுப்பியவற்றில் சிவப்பு மை நிறையவே இருந்தது. அடுத்த கட்டகத்துக்கு அதைவிட நல்ல சரக்கு கிடையாது.

போய்ப் பார்த்த பள்ளிகளில் எல்லாம் சொர்க்கமாகிவிடவில்லை. உயர் தொழில்நுட்ப ஆய்வகம் மதிப்பீட்டுத் தேர்வுகளுக்குப் போய்விடும் வாரங்களில் பாடம் நடத்த இடமில்லை. அதற்காக வீடியோ துண்டுகளை முன்னாலேயே இறக்கிப் பென்டிரைவில் வைத்துக்கொள்ளும் பழக்கத்தைக் கட்டகத்தில் சேர்த்திருக்கிறோம். திருப்புதல் தேர்வு நெருங்கிவிட்டால் யாரும் எதையும் நிறுத்திக் கேட்பதில்லை, புக் பேக் வினாக்கள்தான் ஓடும். எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண்ணில் 15 ஒரு மதிப்பெண் வினாக்களுக்குப் போகும்போது அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அதனால் நிறுத்தத் திட்டங்களை ஜூன் முதல் நவம்பர் வரைக்கான அலகுகளுக்கு மட்டும் எழுதச் சொல்கிறோம் இப்போது.

இயற்பியல்காரர்கள் தங்களுக்குத் தனிப் படிவம் வேண்டும் என்கிறார்கள். கணக்கு வரும் வீடியோவில் நிறுத்துமிடம் கேள்விக்கு இல்லை, பிள்ளைகள் அடுத்த வரியைத் தாங்களே எழுதுவதற்கு என்பது அவர்கள் வாதம். மின்காந்தத் தூண்டலை வைத்து ஒரு வரைவு எழுதிக் கொண்டுவாருங்கள், உட்கார்ந்து பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.