பத்தி ஓரத்துப் புள்ளிகள்

சித்தி மகள் இந்த வருஷம் கிளாட் எழுதப் போகிறாள். போன வாரம் ராத்திரி 11 மணிக்கு அவளிடமிருந்து ஒரு வாய்ஸ் நோட், 7 நிமிஷத்துக்கு. "அக்கா, உட்கார்ந்தா பத்து நிமிஷம் மனசு நிக்க மாட்டேங்குது, நீங்க எப்படிக்கா ரெண்டு வருஷம் படிச்சீங்க" என்று ஆரம்பித்து, கடைசியில் கிட்டத்தட்ட அழுதுவிட்டாள். பதிலைப் பேசி அனுப்பலாம் என்று பார்த்தால் எங்கெங்கோ போய்விட்டது, அதனால் எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கும் மனசு நின்றதில்லை. நிற்காத மனசை வைத்துக்கொண்டுதான் படித்தேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் 5 வருஷ சட்டப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு கிளாட். 120 கேள்வி, 120 நிமிஷம், சரியான விடைக்கு 1 மார்க், தப்பானால் கால் மார்க் போய்விடும். முழுக்க இங்கிலீஷில்தான். 450 வார்த்தை வரைக்கும் ஒரு பத்தி கொடுப்பார்கள், அதன் கீழே வரிசையாகக் கேள்விகள். சட்டம், நடப்பு நிகழ்வு, தர்க்கம், இங்கிலீஷ் எல்லாமே இந்த மாதிரிதான், கணக்கும் பத்தாவது தரத்தில் கொஞ்சம் உண்டு. சட்டம் படித்துவிட்டுப் போகவேண்டிய பரீட்சை இல்லை இது, வாசிக்கத் தெரிகிறதா என்று பார்க்கிற பரீட்சை. இது எனக்குப் புரியவே ஒரு வருஷம் ஆனது.

எங்கள் வீட்டில் யாருக்கும் இந்தப் பரீட்சையின் பேர்கூடத் தெரியாது. "மதுரையிலேயே கவர்மெண்ட் லா காலேஜ் இருக்கே, பன்னெண்டாவது மார்க்க வச்சே சீட்டு தர்றான், இதுக்கு எதுக்குடி நாலாயிரம் கட்டி பரீட்ச எழுதுற" என்று அத்தை கேட்டார். நியாயமான கேள்வி. மதுரைக் கல்லூரி 1974-லிருந்து இருக்கிறது, அங்கே படித்த வக்கீல்கள்தான் எங்கள் மேலூர் கோர்ட் முழுக்க. அத்தைக்குச் சொல்ல அன்றைக்கு என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை. வெளியே போய்ப் படிக்கவேண்டும் என்ற ஆசைதான், அதை அத்தையிடம் சொல்ல முடியுமா?

முதல் தடவை எழுதியது 2023 டிசம்பர் 3, பன்னிரண்டாவது படிக்கும்போதே. அதற்காக நான் செய்ததை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. சார்ட் பேப்பர் வாங்கி நாலு கலர் ஸ்கெட்சில் டைம்டேபிள் போட்டுச் சுவரில் ஒட்டினேன். காலையில் எழுந்ததும் ஒரு மோட்டிவேஷன் வீடியோ. அது முடியும்போது உடம்பெல்லாம் சூடாகி, இன்றைக்கு ஒரு கை பார்த்துவிடலாம் என்றுதான் இருக்கும், ஆனால் கை அடுத்த வீடியோவைத்தான் அமுக்கும். அரையாண்டுத் தேர்வு வேறு அந்தச் சமயம்தான். 120-க்கு 41.25 வந்தது. அந்தக் கால் மார்க்கைச் சொல்லிச் சொல்லியே தம்பி ஒரு மாசம் ஓட்டினான்.

சரி, இன்னொரு வருஷம். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. 2024 மே மாதத்திலிருந்து நத்தம் ரோட்டில் இருக்கிற கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போக ஆரம்பித்தேன். மேலூரில் பஸ் ஏறினால் ஒத்தக்கடை, யானைமலையைச் சுற்றி, உலகனேரி, மாட்டுத்தாவணி, அங்கிருந்து இன்னொரு பஸ். உலகனேரியில்தான் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, 2004 ஜூலையில் திறந்தது. முதல் வாரம் அந்தக் கட்டடத்தைத் தாண்டும்போதெல்லாம் நிமிர்ந்து உட்கார்வேன், கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் பிடித்துக்கொண்டு இறங்குகிற அக்காக்களைப் பார்த்து நெஞ்சு நிறையும். மூன்றாவது வாரம் அது ஒரு ஸ்டாப், அவ்வளவுதான். ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டே தாண்டினேன். கனவைத் தினமும் கண் முன்னால் வைத்துக்கொள் என்று சொல்கிறவர்கள் அதே ரூட்டில் தினமும் பஸ்ஸில் போனவர்களாக இருக்க முடியாது.

நூலகத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வெயிலில் ரெண்டு பஸ் மாறி அந்த ஏசிக்குள் போய் உட்கார்ந்தால் எனக்குத் தூக்கம்தான் வந்தது. எதிரில் குரூப் 2-க்குப் படிக்கிற அண்ணன்கள் அசையாமல் படிப்பார்கள், நான் அவர்கள் படிப்பதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

திருப்பம் வந்தது நூலகத்தில் இல்லை, அப்பா கடையில். அப்பா பத்திர எழுத்தர். சார்பதிவாளர் ஆபீஸ் பக்கத்தில் பத்துக்குப் பத்து ரூம், ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஸ்டாம்ப் பேடு, ரெண்டு பெஞ்ச். முகூர்த்த நாளில் உட்கார இடம் இருக்காது. பிரிண்ட் எடுத்த பத்திரத்தை அப்பா சத்தமாக வாசிப்பார், இன்னொருவர் பழைய மூலப் பத்திரத்தை வைத்து ஒத்துப் பார்க்கவேண்டும். ஜூன் மாதம் ஒரு நாள், வழக்கமாக ஒத்துப் பார்க்கிற அண்ணன் வரவில்லை என்று என்னை உட்காரவைத்தார். "மேற்படி சொத்தைத் தாங்களே புத்திர பௌத்திர பாரம்பரியமாய் சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்று அப்பா ராகத்தோடு போகிறார், நானும் ம், ம் என்கிறேன். சர்வே நம்பர் வந்தது. மூலத்தில் 114, பிரிண்டில் 141. ம் என்றேன்.

பதிவாகிப் போன பிறகுதான் கண்டுபிடித்தார்கள். பிழைத்திருத்தல் பத்திரம் எழுதி மறுபடி டோக்கன் போட்டு, வாங்கினவரையும் விற்றவரையும் இன்னொரு தடவை வரவழைத்து, செலவு முழுக்க அப்பா கையிலிருந்து. விற்றவர் சிவகங்கையிலிருந்து வரவேண்டும், அவருக்கு பஸ் காசும் சாப்பாடும்கூட அப்பாதான். திட்டுவார் என்று ராத்திரி வரை காத்திருந்தேன். சாப்பிடும்போது சொன்னார், "கண்ணு வாசிச்சிருக்குத்தா, நீ வாசிக்கல."

அந்த நேரத்தில் நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்பது எனக்குத் தெரியும். முந்தின நாள் மாக் டெஸ்டில் டெலிகிராம் குரூப்பில் ஒருத்தி போட்ட 96 மார்க் ஸ்கிரீன்ஷாட்.

மறுநாள் அப்பாவின் ஸ்டீல் ஸ்கேல் ஒன்றை எடுத்துக்கொண்டேன். அவர் வாசிக்கும்போது வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்து ஒவ்வொரு வரியாக இறக்குவார், அடுத்த வரி கண்ணில் படவே படாது. நானும் ஒரு கிளாட் பத்தியை பிரிண்ட் எடுத்து, ஸ்கேல் வைத்து வாசித்தேன். கூடவே ஒரு வேலை: மனசு வெளியே போனது தெரிந்த உடனே அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி, பிறகு அதே வரியிலிருந்து மறுபடி. 450 வார்த்தை பத்தியில் 11 புள்ளி. பதினொன்று! ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து படித்தேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த படிப்பு இப்படித்தான் இருந்திருக்கிறது.

இதில் எனக்குப் பிடித்தது, புள்ளி வைக்கிறதுக்குத் திட்டு கிடையாது. மனசு போனால் போச்சு என்று மூடிவைத்துவிட்டு, "நமக்கு இதெல்லாம் வராது" என்று அரை மணி நேரம் அழுகிறதுதான் அதுவரை என் பழக்கம். ஓடிப்போனதைவிட அந்த அழுகைதான் அதிக நேரம் தின்றது. புள்ளி வைத்தால் ரெண்டு செகண்டில் திரும்பிவிடலாம்.

ஒரு வாரம் கழித்துப் புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு எழுத்தும் சேர்த்தேன். மற்றவர்கள் மார்க் நினைப்பு வந்தால் 'ம', வீட்டுக் காசு நினைப்பு என்றால் 'கா', காலேஜ் சேர்ந்துவிட்ட தோழிகள் என்றால் 'தோ', பசி என்றால் 'ப'. மாசக் கடைசியில் எண்ணிப் பார்த்தேன். பாதிக்கு மேல் 'ம'. 'கா' இருக்கும் என்று பயந்துகொண்டிருந்தேன், அது கம்மிதான். 'ப' எதிர்பார்த்ததைவிட அதிகம், அதுவும் சாயங்காலம் 5 மணிக்கு, பக்கத்துக் கடையில் பரோட்டாவுக்கு மாவு அடிக்கிற சத்தம் கேட்டவுடனே.

அப்புறம் செய்தது ரெண்டே காரியம். டெலிகிராம் குரூப் எல்லாவற்றிலிருந்தும் வெளியேறினேன், 5 மணிக்கு முன்னாலேயே ஏதாவது சாப்பிட்டேன். போன் அப்பா மேஜை டிராயரில், ஸ்டாம்ப் பேடுக்குப் பக்கத்தில். கேட்டால் "டோக்கன் நம்பர் வரட்டும்" என்பார். நூலகத்துக்கு வாரம் ஒரு நாள் மட்டும், மாக் டெஸ்ட் எழுத. மற்ற நாளெல்லாம் கடையின் பின் பெஞ்சில், ஆட்கள் பேச்சுக்கும் பிரிண்டர் சத்தத்துக்கும் நடுவில். அமைதியான இடம் எனக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். உனக்கு ஒத்துவந்தால் அங்கேயே இரு.

கடையில் உட்கார்ந்ததில் ஒரு கெடுதலும் உண்டு, அதையும் சொல்லவேண்டும். சட்டப் பகுதியில் பத்தியில் ஒரு விதி கொடுப்பார்கள், அதை மட்டும் வைத்து விடை சொல்லவேண்டும். ஒரு மாக் டெஸ்டில் நிலத்தை வாய்ப்பேச்சாகவே விற்கலாம் என்பதுபோல ஒரு கற்பனை விதி. எனக்கு அப்பா கடையில் கேட்டுக் கேட்டு சொத்து மாற்றுச் சட்டம் 1882, 54-ஆம் பிரிவு, 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலத்தைப் பதிவு செய்யாமல் விற்க முடியாது என்பது மனப்பாடம். அதை வைத்து 5 கேள்வியில் 4 தப்பு. தப்பாகச் சொன்ன பத்தியை அடித்துத் திருத்தாத குறை. அப்பாவிடம் சொன்னேன், அவர் ரொம்பப் பெருமையாக "நீ சொன்னதுதாம்மா சரி" என்றார். சரிதான், மார்க் வராது. அன்றிலிருந்து சட்டப் பத்தியில் எனக்குத் தெரிந்தது தலை நீட்டினால் அதற்கும் ஒரு புள்ளி, 'தெ'.

நடப்பு நிகழ்வுக்கு இங்கிலீஷ் பேப்பர், தினமும் ரெண்டு பக்கம், புரியாத வார்த்தை ஒரு நோட்டில். கணக்கு ஞாயிறு மட்டும். இதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

படிக்காத நாளும் நிறைய. ஆடியில் தெருவுக்குத் தெரு குழாய் ரேடியோ, காலை 5 மணிக்கே சாமி பாட்டு தொடங்கினால் ராத்திரி வரைக்கும். அதைச் சண்டை போட்டு நிறுத்த முடியாது, கூழ் ஊற்றுகிற இடத்துக்குப் போய் ரெண்டு சொம்பு குடித்துவிட்டு வந்துவிடுவேன். செப்டம்பரில் காரணமே இல்லாமல் பத்து நாள் புத்தகத்தைத் தொடவே பிடிக்கவில்லை. அப்போது ஒரு பத்தி, ஒரே ஒரு பத்தி, ஸ்கேல் வைத்து வாசித்துவிட்டுத் தேதி போட்டு வைத்தேன். அந்தப் பத்து தாளும் இன்னும் இருக்கிறது. ஒன்றில் 14 புள்ளி. அந்த நாட்களில் ஏறிப்போன புள்ளி, அக்டோபரில் மூன்று நாலு என்று இறங்கியது, பூஜ்யம் ஒரு நாளும் ஆகவில்லை.

2024 டிசம்பர் 1, ஞாயிறு மதியம் 2 மணிக்குப் பரீட்சை. முந்தின நாள் ராத்திரிதான் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை ஏறியது. வீட்டில் எல்லோரும் டிவி முன்னால், என் பரீட்சையைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை, அது பெரிய நிம்மதி. ஹாலுக்குள் ஸ்கேல் கொண்டுபோகவில்லை. ஹால் டிக்கெட்டைத்தான் வரிக்குக் கீழே வைத்து வாசித்தேன்.

எழுதி முடித்தால் முடிந்தது என்று நினைத்தேன், அங்கேதான் அடுத்த ஆறு மாசம் ஆரம்பித்தது. விடைக்குறிப்பில் தப்பு இருக்கிறது என்று மாணவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2024 டிசம்பரிலேயே டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு உத்தரவு, 2025 ஏப்ரலில் இன்னொன்று, பிறகு உச்ச நீதிமன்றம். சேர்க்கை நிற்கிறது, எந்த லிஸ்ட் செல்லும் என்று தெரியாது. சீட்டு திருச்சியில் கிடைத்தது, அது பின்னால். மே 7-ஆம் தேதி, சில கேள்விகளுக்கு மதிப்பெண்ணைத் திருத்தச் சொல்லி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது நான் கடையில்தான் இருந்தேன். பிடிஎஃப்பை இறக்கி, பத்திரம் அடிக்கிற அதே பிரிண்டரில் பிரிண்ட் எடுத்தேன்.

"என்ன பத்திரம்த்தா, இம்புட்டு நீளமா இருக்கு?"

"சுப்ரீம் கோர்ட் தீர்ப்புப்பா. என் பரீட்ச கேஸு."

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். "சரி, நீ சத்தமா வாசி." அவருக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் வரும். நான் ஒரு காப்பியை வைத்து வாசிக்க வாசிக்க, அவர் இன்னொன்றில் ஸ்கேலை வரி வரியாக இறக்கிக்கொண்டே வந்தார். மூன்றாவது பக்கத்தில் அவசரத்தில் ஒரு வரியைத் தாண்டிவிட்டேன். ஸ்கேல் நின்றது.