மூச்சை விட்டு நிறுத்திய நொடி

எடையைப் பார்த்து யாரும் என்னைக் குண்டு என்று சொல்ல மாட்டார்கள். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. 22.6. ஆனால் இடுப்புச் சுற்றளவு 94 செ.மீ., ரத்தத்தில் உள்ள டிரைகிளிசரைடு என்ற கொழுப்பும் கூடுதல். அப்பாவுக்கு 52 வயதிலேயே மாரடைப்பு வந்திருக்கிறது. "கொழுப்பு தோலுக்கு அடியில இருக்கா, உள்ளே குடலைச் சுத்தி இருக்கான்னு பாத்துடலாம்" என்று டாக்டர் அல்ட்ராசவுண்ட் எழுதிக் கொடுத்தார். சிடி ஸ்கேன் இன்னும் துல்லியமானதுதான், ஆனால் அதில் கதிர்வீச்சு உண்டு.

காலையில் வெறும் வயிற்றோடு போனேன். மல்லாக்கப் படுக்கவைத்து, தொப்புளுக்குச் சற்று மேலே சில்லென்ற ஜெல்லைத் தடவினார்கள். முதலில் நேர்கோட்டு வடிவப் புரோப் (தோல்மேல் வைத்துப் படம் எடுக்கும் கருவி). தோலிலிருந்து வயிற்றுத் தசை வரை இருப்பது தோலடிக் கொழுப்பு: 1.8 செ.மீ. அடுத்து வளைந்த புரோப். தசையின் உட்பக்கத்திலிருந்து முதுகெலும்புக்கு முன்னால் துடிக்கும் மகாதமனி என்ற பெரிய ரத்தக்குழாய் வரை அளப்பார்கள்; அந்தத் தூரம்தான் உள்கொழுப்பைக் காட்டும் எண். திரையில் அந்தத் துடிப்பைப் பார்த்தபோது கொஞ்சம் கலங்கிப்போனேன்.

முதல் அளவு 6.1 செ.மீ. பக்கத்தில் நின்ற மூத்த டாக்டர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. "அழுத்திப் பிடிச்சிருக்கீங்க. லேசா வைங்க. மூச்சை முழுசா விடச் சொல்லி, அப்ப நிறுத்தி அளங்க" என்றார். புரோப் தோலைத் தொட்டும் தொடாமலும் இருக்க, மூச்சை விட்டு நிறுத்தினேன். இப்போது 7.3. மூன்று முறை எடுத்துச் சராசரி போட்டார்கள். அவர் சொல்லியிராவிட்டால் குறைந்த எண்ணோடு நிம்மதியாக வீட்டுக்கு வந்திருப்பேன். இந்தச் சோதனைக்குப் போகிறவர்கள், லேசாக வைத்து, மூச்சை விட்ட நிலையில் அளக்கிறார்களா என்று தயவுசெய்து கேட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளே சேரும் கொழுப்பு ஏன் மோசம் என்றும் அந்த மூத்த டாக்டரிடம் கேட்டேன். அதிலிருந்து வெளியேறும் கொழுப்பு அமிலங்கள் குடலிலிருந்து ரத்தம் கொண்டுபோகும் போர்ட்டல் சிரை வழியாக நேரே கல்லீரலுக்குப் போகின்றன. இன்சுலின் சரியாக வேலை செய்யாது, டிரைகிளிசரைடு ஏறும், இதய ரத்தக்குழாய்களில் அடைப்புக்கு வழி பிறக்கும். ஆனாலும் இந்த ஓர் எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால் எல்லாவற்றோடும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்றார்.

தினமும் வேக நடை தொடங்கியிருக்கிறேன். ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன். அளக்கும் இடம் மாறினால் எண்ணும் மாறும் என்பதால், ரிப்போர்ட்டின் ஓரத்தில் 'தொப்புளுக்கு மேல் 2 செ.மீ., மூச்சு விட்ட நிலையில்' என்று எழுதி வாங்கி வைத்திருக்கிறேன்.